அது ‘அந்த மாதிரிப் படம்’ இல்ல மாமி: குயர் குறும்படமும் திரையிடலும், ஆனா ஆவன்னாவுல இரிந்து

போன மாசம் ஒரு போஸ்டர் எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்குள்ள எப்பிடியோ வந்து விழுந்துட்டு, ஆர் அனுப்பினது எண்டு இண்டைக்கு வரைக்கும் ஆரும் ஒத்துக்கொள்ளல்ல. ‘எல்ஜிபிடிகியூ குறும்படத் திரையிடல்’ எண்டு போட்டு, திகதியும் போட்டு, இடம் மட்டும் போடாத போஸ்டர். பத்து நிமிசம் குரூப்புல ஒரு சத்தமும் இல்ல. மறுகா கல்லடி மாமி வொய்ஸ் ஒண்டு அனுப்பினா: "என்னகா இது, அந்த மாதிரிப் படத்த ஹோல் எடுத்தா காட்டப் போறானுகள்?" பெரியப்பா உடனே, இதெல்லாம் வெளிநாட்டுக் காசு எண்டார். மச்சான், இவங்க படம் காட்டப் போறாங்களா ஊர்வலம் போகப் போறாங்களா எண்டு கேட்டான். சின்ன மச்சாள் மட்டும் கொஞ்சம் பாசமா, விஜய் சேதுபதி சாரி கட்டி நடிச்சாரே அந்த மாதிரித்தானே எண்டு எழுதினா.

நாலு பேரும் நாலு விதமாச் சொன்னாங்க, நாலும் பிழை. ஆனா அவங்களக் குறை சொல்லவும் ஏலாது, ஏனெண்டா மட்டக்களப்புல இதப்பத்தி ஆரும் உக்காந்து ஒழுங்கா விளங்கப்படுத்தினதில்ல, கேக்கிறதெல்லாம் சந்தியில கேக்கிற கதைதான். அதுதான் இதை எழுதுறன். சினிமா படிச்சாக்களுக்கு இதுல புதுசா ஒண்டும் இல்ல.

சொல்லுக்குள்ளயே இரிக்கிற பிழை

எல்ஜிபிடிகியூ எண்டது அஞ்சு இங்கிலீஷ் சொல்லுட முதல் எழுத்து. லெஸ்பியன் எண்டா பெண்ணை விரும்புற பெண். கே எண்டா ஆணை விரும்புற ஆண். பைசெக்சுவல் எண்டா ஒரு பாலாரை மட்டும் எண்டில்லாம ரெண்டு பக்கமும் ஈர்ப்பு வாற ஆள். ட்ரான்ஸ் எண்டா பிறந்தப்ப ஆண் எண்டோ பெண் எண்டோ எழுதிக் குடுத்தது தனக்குப் பொருந்தாத ஆள். கடைசியா குயர், இது இவங்க எல்லாருக்கும் பொதுவான குடைச் சொல்லு, ஒரு காலத்துல இங்கிலீஷ்ல ஏசுறதுக்குப் பாவிச்ச சொல்லு, ஏச்சு வாங்கினாக்களே அதை எடுத்துத் தங்கட பேராக்கிட்டாங்க. தமிழ்ல பால்புதுமையினர் எண்டு சொல்றாங்க. நான் இதுக்குப் பிறகு குயர் எண்டே எழுதுறன், சின்னதா இரிக்கி.

இப்ப மாமிட கேள்விக்கு வாறன். நம்மட பேப்பருகள் காலங்காலமா எழுதுற சொல்லு ‘ஓரினச்சேர்க்கை’. அந்தச் சொல்லுட வாலைப் பாருங்க, சேர்க்கை. ஒரு மனிசன் ஆரை நினைச்சுத் தூங்காம இரிக்கான், ஆரோட வயசு போகோணும் எண்டு ஆசைப்படுறான், இதையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு படுக்கைய மட்டும் மிச்சம் வைக்கிற சொல்லு அது. ‘காதல் படம்’ எண்டு சொன்னா மாமி பாட்டையும் மழையையும் நினைப்பா. ‘ஓரினச்சேர்க்கைப் படம்’ எண்டு சொன்னா நீலப்படத்த நினைப்பா. அந்தக் கேள்வி மாமிட மனசுக்குள்ள பிறந்ததில்ல, அந்தச் சொல்லுக்குள்ள பிறந்தது. அதாலதான் இப்ப ஆக்கள் ‘தன்பால் ஈர்ப்பு’ எண்டு எழுதுறாங்க. ட்ரான்ஸ் ஆக்களுக்குத் திருநங்கை, திருநம்பி எண்ட சொல்லுகள் தமிழ்நாட்டுல இரிந்து இஞ்சயும் வந்து ஒட்டிட்டு. அங்க சென்னை உயர் நீதிமன்றம் நெருக்கி, 2022ல தமிழ்நாட்டு அரசாங்கமே மரியாதையான சொல்லுகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டிச்சு.

அப்ப இந்தப் படங்களுக்குள்ள என்னதான் இரிக்கி? பெரும்பாலும் சின்னச் சின்ன விசயம். மகன்ட ஃபோன்ல ஒரு மெசேஜைத் தெரியாமப் பாத்துட்டு ராவு முழுக்கக் கதைக்காம ரொட்டி சுடுற அம்மா. அடையாள அட்டைல இரிக்கிற பேரும் முகமும் ஒத்துவராம கவுண்டர்ல நிக்கிற ஆள். கட்டார் போறவளை பஸ் ஏத்திவிட வந்து ஒண்டும் சொல்லாமத் திரும்பிப் போற சிநேகிதி. நம்மட வீட்டுல நடக்கிறதுதான்.

இவ்வளவு நேரமும் சொன்னது: குயர் படம் எண்டா செக்ஸ் படம் இல்ல. அப்பிடி நினைக்க வைக்கிறது நாம பாவிக்கிற சொல்லு.

கமரா எங்க நிக்குது

சின்ன மச்சாள்ட கேள்விதான் உண்மையில பெரிய கேள்வி. ஒரு படத்துக்குள்ள திருநங்கைப் பாத்திரம் வந்தா அது குயர் படமா?

இதுக்கு நம்மட கூத்தைக் கொண்டு வந்தாத்தான் விளங்கும். வடமோடிக் கூத்துல திரௌபதைக்கு ஆடுறது ஆர்? பகல்ல வயல்ல நிண்ட, மீசைய அண்டைக்குத்தான் வழிச்ச ஆம்பிளை. அவர் சாரியும் முடியும் கட்டி வரவு எடுத்துக் களரிக்குள்ள வந்தா ஒரு சனம் சிரிக்கிறல்ல. துகிலுரியிற இடத்துல எங்கட அம்மம்மா மூக்கைச் சிந்தி அழுவா. அதே ஆம்பிளை அதே சாரியோட ஒரு தமிழ்ப் படத்துக் கொமடி சீன்ல வந்தா தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். உடுப்பு ஒண்டுதான், ஆளும் ஒண்டுதான். அப்ப எது மாறிச்சு? கூத்துல அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவர், நம்மளைத் திரௌபதைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிப்பாட்டுறார். கொமடி சீன்ல டைரக்டர் நம்மளை அவளுக்கு எதிர்ப்பக்கம் நிப்பாட்டி, அங்க பார் எண்டு விரலை நீட்டிக் காட்டுறார்.

சினிமால அந்த இடத்தக் கமரா பிடிச்சிரிக்கி, அவ்வளவுதான் வித்தியாசம். குயர் சினிமா எண்டது குயர் ஆள் ‘வாற’ படம் இல்ல, குயர் ஆள் நிக்கிற இடத்துல இரிந்து உலகத்தைப் ‘பாக்கிற’ படம். இதுக்கு மேல ஒரு வரைவிலக்கணம் ஆரும் சொன்னா எனக்கும் சொல்லுங்க.

இனி மச்சாள் சொன்ன படம். 2019ல வந்த சூப்பர் டீலக்ஸ்ல விஜய் சேதுபதி திருநங்கையா நடிச்சார், அதுக்குத் தேசிய விருதும் கிடைச்சிச்சு, சனம் தலைல வச்சுக் கொண்டாடினது. ஆனா திருநங்கைகளுக்குள்ள இரிந்தே கேள்வி வந்திச்சு: எங்கட கதை எண்டா எங்கள்ல ஒருத்தி நடிச்சா என்ன, எண்டு. இது சும்மா சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்ல, ஏனெண்டா 2011லயே நர்த்தகி எண்ட தமிழ்ப் படத்துல திருநங்கையான கல்கி சுப்ரமணியம் முக்கிய பாத்திரத்துல நடிச்சிட்டாங்க. என்ட கணக்குப்படி சூப்பர் டீலக்ஸ் ஒரு திருநங்கைப் பாத்திரம் உள்ள பெரிய படம், குயர் சினிமா இல்ல. பிழையான படம் எண்டு சொல்லல்ல, வேற சாமான் எண்டு சொல்றன். மச்சாள் இதை ஒத்துக்கொள்ள மாட்டா, பரவால்ல, கோடு எங்க விழுது எண்டதுல படம் பாக்கிறாக்களே அடிபடுறதுதான்.

தயிர்ச்சட்டியும் யோகட் கப்பும்

‘சுயாதீன சினிமா’ எண்டு கேட்டோடன சனத்துக்கு மெதுவாப் போற படம், விருதுப் படம் எண்டுதான் நினைப்பு வருது. அது இல்ல. படுவான்கரையில இரிந்து வாற எருமைத் தயிர்ச்சட்டிய நினைங்க. ஒரு சட்டி மாதிரி இன்னொரு சட்டி இரிக்காது, ஒண்டு கொஞ்சம் புளிக்கும், ஒண்டுல ஆடை தடிப்பா இரிக்கும், விளம்பரம் இல்ல, ஆனா எவ்வளவு உறைய வைக்கிறது எண்டு முடிவெடுக்கிறது அந்த வீட்டுக்காரி. யோகட் கப்பு எண்டா கம்பெனிட முடிவு, நாடு முழுக்க ஒரே ருசி, ஆருக்கும் பிடிக்காமப் போகக் கூடாது எண்டு சீனிய அள்ளிப் போட்டது.

சுயாதீனம் எண்டா அதுதான்: காசு போட்டவர் கதைல கை வைக்காத படம். பெரிய படத்துக்குக் கோடிக்கணக்குல செலவு, அதை எடுக்கோணும் எண்டா லட்சக்கணக்குல சனம் வரோணும், அவ்வளவு சனமும் வரோணும் எண்டா ஒருத்தரும் முகம் சுழிக்கக் கூடாது. அந்தப் பயம் என்ன செய்யும் எண்டதுக்கு ஹொலிவூட்டைப் பாருங்க. ஹேய்ஸ் கோட் எண்டு ஒரு விதித்தொகுப்பு, அரசாங்கம் போட்டதில்ல, படக் கொம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது, 1934ல இரிந்து கண்டிப்பா அமுல்படுத்தி 1968 வரைக்கும் வச்சிரிந்தாங்க, அதுல தன்பால் ஈர்ப்பைத் திரைல காட்ட ஒண்ணா எண்டு இரிந்திச்சு. முப்பது வருசத்துக்கு மேல குயர் ஆள் வந்தா வில்லனா வரோணும், கோமாளியா வரோணும், இல்லாட்டி கடைசில சாகோணும். அந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் படம் எடுக்கிறாக்கள்ட கைக்குப் பழகிட்டு.

மறுபக்கம், 2015ல ஷோன் பேக்கர் எண்ட டைரக்டர் டேஞ்ஜரின் எண்ட முழு நீளப் படத்த மூணு ஐஃபோன் ஃபைவ் எஸ்ஸை வச்சு எடுத்தார், ரெண்டு திருநங்கைகள்தான் அதுல முக்கியமான நடிகைகள். டைரக்டர் ட்ரான்ஸ் ஆள் இல்ல, ஆனா அந்த நடிகைகள் தங்கட தெருவையும் தங்கட கதையையும் கொண்டு வந்து படத்துக்குள்ள போட்டாங்க. அந்த ஐஃபோனை விட நல்ல கமரா இப்ப கல்முனை பஸ்ல பக்கத்துல இரிக்கிற பொடியன்ட கைல இரிக்கி.

பெரியப்பாட ‘வெளிநாட்டுக் காசு’க்கும் இதுக்குள்ளயே பதில் கிடக்கு. சில விழாக்களுக்கு அனுசரணை வாறது உண்மைதான், மறைக்க ஒண்டும் இல்ல. ஆனா நான் பாத்த முக்காவாசிக் குறும்படங்கள்ட பட்ஜெட் எண்டா சிநேகிதன்ட கமரா, மச்சான்ட பைக், ரெண்டு நாள் பகல் சாப்பாடு.

ஏன் எல்லாம் குறும்படமாவே இரிக்கி

ஒஸ்கார் குடுக்கிற அகாடமிட கணக்குல பேர் ஓடுற நேரத்தையும் சேத்து 40 நிமிசத்துக்குள்ள இரிந்தா குறும்படம். நாம பாக்கிறதுகள் அனேகமா அஞ்சு நிமிசத்துல இரிந்து இருவது நிமிசம்.

காசு ஒரு காரணம். ஆனா இன்னொரு காரணத்த ஆரும் பெருசாக் கதைக்கிறல்ல: பயம். முகம் தெரிய நடிக்க ஆக்கள் கிடைக்கிறல்ல. வெளில எடுக்கப் போனா பத்துப் பேர் வந்து என்ன படம் எண்டு கேப்பாங்க. அதால கதை ஒரு அறைக்குள்ள நடக்கும், ரெண்டு பேர்தான் இரிப்பாங்க, ஒருத்தர்ட முதுகு மட்டும் தெரியும், இல்லாட்டி கை மட்டும் தெரியும், இல்லாட்டி ஃபோன்ல குரல் மட்டும் வரும். முதல் தரம் பாக்கிறவங்க இதைப் பாத்துட்டு, ஏன் இப்பிடி இருட்டா ஒளிச்சு ஒளிச்சு எடுத்திரிக்கி எண்டு கேப்பாங்க. ஸ்டைலுக்காகவும் இரிக்கலாம், ஆனா பல நேரம் அந்தக் கை ஆருட கை எண்டு ஊருக்குத் தெரியக் கூடாது எண்டதுக்காக. அதைத் தெரிஞ்சுகொண்டு பாத்தா அந்த ஷொட்டே வேற மாதிரித் தெரியும்.

இது நெட்ஃபிளிக்ஸ் வந்து பழக்கின புது ஃபாஷன் எண்டு நினைக்கிறாக்களுக்கு ஒரு வருசம் மட்டும் சொல்றன்: 1919. ஜெர்மனியில ரிச்சர்ட் ஒஸ்வால்ட் எண்டவர், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கின சட்டத்த எதிர்த்து ஒரு முழுப்படம் எடுத்தார், மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் எண்ட டொக்டர் கூட இரிந்து எழுதி நடிச்சார். அடுத்த வருசமே பொதுச் சனத்துக்குக் காட்டத் தடை. நம்மட பாட்டன்மார் பேசும் படம் பாக்க முதல் நடந்த கதை இது.

இவ்வளவுல மூணு சொல்லு கைக்குள்ள வந்திரிக்கோணும்: குயர் எண்டா பாக்கிற இடம், சுயாதீனம் எண்டா முடிவு எடுக்கிற கை, குறும்படம் எண்டா 40 நிமிசத்துக்குள்ள.

யூடியூப்ல கிடக்கே, எடுத்துப் போட்டா என்ன

திரையிடல் எண்டது நமக்குப் புதுசில்ல. சாமத்திய வீட்டுல டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரையும் இழுத்துக் கொண்டுவந்து, விடிய விடிய மூணு படம் போட்ட ஊர் இது, பக்கத்து ஊரில இரிந்தும் சனம் பாயோட வரும். அதே சாமான்தான், ஒரு இடத்துல கூடி ஒரே நேரத்துல ஒரே படத்தைப் பாக்கிறது. ஆனா அந்த டெக் காலத்துப் பழக்கத்துல நாம ஒண்டை மறந்துட்டம், படம் ஆருடையோ சொத்து.

திரையிடல் உரிமை எண்டு ஒண்டு இரிக்கி: ஒரு படத்தைக் கூட்டத்துக்குக் காட்ட அந்தப் படத்துக்காரர் குடுக்கிற அனுமதி. பக்கத்து வீட்டுக் கிணத்துல குடிக்கத் தண்ணி அள்ளலாம், ஒண்டும் சொல்லாங்க. பவுசரைக் கொண்டுபோய் நிறைக்க ஏலுமா? யூடியூப்ல நீங்க தனியாப் பாக்கிறது குடத்துல அள்ளுறது. ஹோல் எடுத்துக் காட்டுறது பவுசர்.

படத்துப் பக்கம் இரிந்து பாத்தா பாதை இப்பிடிப் போகுது. படம் முடிஞ்சோடன டைரக்டர் அதை விழாக்களுக்கு அனுப்புறார், இப்ப கூடுதலா ஃபில்ம்ஃப்ரீவே மாதிரி இணையத்தளத்துக்குள்ளால. விழாவில புரோகிராமர் எண்டு ஒரு ஆள் இரிப்பார், வந்து குவிஞ்ச படத்தையெல்லாம் பாத்து எது, எந்த வரிசைல எண்டு முடிவெடுக்கிறவர். அவருக்குப் பாஸ்வேர்ட் போட்ட லிங்க்தான் போகும், அதை ஸ்க்ரீனர் எண்டு சொல்றது. கன விழாக்கள் ஏற்கனவே இணையத்துல போட்ட படத்தை எடுக்கிறல்ல, அதால ஒரு வருசம் ரெண்டு வருசத்துக்குப் படம் விழா விழாவாத் திரியும், நீங்க தேடினாக் கிடைக்காது. "நல்ல படமாம், ஆனா எங்கயும் இல்லையே" எண்டு ஏங்குறதுக்குக் காரணம் இதுதான், ஆரும் ஒளிச்சு வைக்கல்ல. மறுகா ஆறுதலா ஒரு நாள் யூடியூப்புக்கு வரும்.

குயர் படத்துக்கெண்டே நடக்கிற விழாக்கள்ல பழசு சான் பிரான்சிஸ்கோவில 1977ல தொடங்கினது. பெர்லின் விழாவில 1987ல இரிந்து குயர் படத்துக்கு டெடி எண்டு தனி விருது. மும்பைல கஷிஷ் 2010ல, சென்னைல ரீல் டிசையர்ஸ் 2013ல. வீட்டுல இரிந்தே பாக்கோணும் எண்டா பிரிட்டிஷ் கவுன்சில் 2015ல இரிந்து மார்ச் மாசத்துல அஞ்சு குறும்படத்தை இணையத்துல இலவசமாப் போடுது, தொடங்குறாக்களுக்கு அது நல்ல வாசல்.

நம்மட நாட்டுல மூணு பாசை, அதால சப்டைட்டில்தான் உயிர். சிங்களப் படம் ஒண்டை மட்டக்களப்புல காட்டோணும் எண்டா ஆரோ ஒருத்தர் உக்காந்து தமிழ்ல எழுதோணும், ரெண்டு வரிக்கு மேல போகாம, ஆள் கதைச்சு முடிக்க முதல் வாசிச்சு முடியக்கூடியதா. தமிழுக்கு இதுல ஒரு வசதியும் இரிக்கி ஒரு தலையிடியும் இரிக்கி. வசதி, ‘அவங்க’ எண்டா ஆணோ பெண்ணோ எண்டு சொல்லாமலே மரியாதையாப் போயிடலாம். தலையிடி என்னெண்டா ‘வந்தான்’, ‘வந்தா’ எண்டு வினைச்சொல்லு காட்டிக் குடுத்துடும். ஒரு ட்ரான்ஸ் பாத்திரத்தை அப்பா ‘வந்தான்’ எண்டும் சிநேகிதி ‘வந்தா’ எண்டும் சொல்றதுதான் அந்தக் கதையே எண்டு வச்சுக்கொள்ளுங்க, இங்கிலீஷ்ல ரெண்டு சின்னச் சொல்லுல போற விசயம் தமிழ்ல ஒவ்வொரு வசனத்துட வாலுலயும் வந்து நிக்கும். நல்லா எழுதினா மூலத்தை விடக் கூர்மையா விழும்.

பைக் எங்க நிக்குது

போஸ்டர்ல ஏன் இடம் போடல்ல எண்டுதான் எல்லாருக்கும் சந்தேகம். கள்ள வேலை எண்டா ஏன் போஸ்டர் அடிக்கப் போறாங்க?

மட்டக்களப்புல ஒருத்தன்ட பைக் எங்க நிக்குது எண்டு அவன் வீடு வர முதல் அவன்ட அம்மாக்குச் செய்தி போயிடும். ‘அவுட் பண்றது’ எண்டு ஒரு சொல்லு இரிக்கி: ஒரு ஆள் தான் குயர் எண்டு தானாச் சொல்ல முதல், வேற ஆள் வெளில விடுறது. அதால வேலை போன, வீட்டை விட்டுத் துரத்துப்பட்ட, அவசரமாக் கல்யாணம் கட்டிவச்ச ஆக்கள் இரிக்காங்க. கொழும்புல ஒரு பெரிய ஹோலுக்குள்ள இரிநூறு பேருக்குள்ள ஒருத்தரா ஒளியலாம். இஞ்ச ஒளிய ஏலாது, வாசல்ல நிக்கிற த்ரீவீலர்க்காரன் உங்கட சித்தப்பாட கூட்டாளி.

அதால நடத்துறாக்கள் பேர் பதிஞ்சவங்களுக்கு மட்டும் கடைசி நாள் இடத்தை அனுப்புவாங்க. உள்ள ஃபோட்டோ எடுக்க ஒண்ணா. பேர் கேக்க மாட்டாங்க, கேட்டாலும் என்ன பேரும் சொல்லலாம். லைட்டை முழுசா அணைக்க மாட்டாங்க, கதவுக்குக் கிட்ட கொஞ்சக் கதிரை விடுவாங்க, ஆருக்கும் மூச்சு முட்டினா எழும்பிப் போகலாம். படத்துல அடி, தற்கொலை மாதிரி ஏதும் வந்தா முதலே சொல்லுவாங்க. கடைசி பஸ்ஸுக்கு முதல் முடிப்பாங்க.

மச்சான், ஊர்வலம் இதுல எங்கயும் இல்ல.

போன வருசம் நாங்க மூணு பேர் சேந்து ஒண்டு வைக்கப் பாத்தம். ஹோல் ஒண்டுக்கு என்ன படம் எண்டு ஒளிக்காமச் சொல்லியே அட்வான்ஸ் கட்டினம், முதல் நாள் பின்னேரம் கோல் எடுத்து கரண்ட் வேலை நடக்குது எண்டுட்டாங்க, அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்திச்சு. ஒரு சிநேகிதிட வீட்டு மேல்மாடில வேட்டி ஒண்டைக் கட்டி, பதினேழு பேரோட அஞ்சு படம் போட்டம். காத்தாடிச் சத்தத்துல பாதி வசனம் கேக்கல்ல, சப்டைட்டில்தான் காப்பாத்திச்சு. பாரமான படத்தை முதல்ல போட்டது எங்கட பிழை, பந்தில பாகற்காயை முதல் வச்ச மாதிரி, மறுகா வந்த பகிடிப் படத்துக்கு ஒருத்தரும் சிரிக்கல்ல.

சட்டம் என்ன சொல்லுது

சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைட 365, 365அ எண்ட பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்குது. வெள்ளைக்காரன் 1883ல எழுதின கோவை, 1995ல திருத்தி 365அ பிரிவைப் பெண்களுக்கும் நீட்டினாங்க. அந்தப் பிரிவுகள் பேசுறது செயலைப் பத்தி, படம் பாக்கிறதைப் பத்தி இல்ல. தன்பால் உறவு குற்றம் இல்ல எண்டு ஆக்க எம்பி ஒருத்தர் கொண்டு வந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு 2023 மே மாசம் நம்மட உயர் நீதிமன்றம், அதாவது சுப்ரீம் கோர்ட், சொல்லிச்சு, ஆனா அந்த மசோதா சட்டமாகல்ல. படத்துக்கு எண்டு இரிக்கிறது வேற, 1912ம் ஆண்டுட பகிரங்க நிகழ்ச்சிச் சட்டம், சனம் சென்சார் போர்ட் எண்டு சொல்ற சபை அதுக்குக் கீழதான். பொதுச் சனத்துக்கு டிக்கட் போட்டுக் காட்டுற எந்தப் படத்துக்கும், ரஜினி படத்துக்கும்தான், அந்தச் சபைட அனுமதி வேணும்.

லைட் போட்டதுக்குப் பிறகு

படம் முடிய கொஞ்ச நேரம் கதைப்பாங்க, டைரக்டர் வந்திரிந்தா அவரிட்டக் கேள்வி கேக்கலாம். ஒரு கேள்வி மட்டும் கேக்காதீங்க: "நீங்களும் அப்பிடியா?" கொலைப் படம் எடுத்தவரிட்ட நீங்க எத்தினை கொலை செய்தீங்க எண்டு ஆரும் கேக்கிறல்ல. ஏன் அந்த அம்மா கடைசி வரைக்கும் ஒண்டும் கதைக்கல்ல, ஏன் அந்தக் கதவைத் திறந்தே வச்சீங்க, இப்பிடிக் கேட்டா அவர் சந்தோசமா அரை மணித்தியாலம் கதைப்பார். கேக்க ஒண்டும் இல்லாட்டி சும்மா இரிங்க, அதுவும் சரி. குயர் ஆக்கள் மட்டும்தான் போகோணும் எண்டும் இல்ல, எங்கட பதினேழு பேர்ல ஒருத்தர் அந்த வீட்டுச் சிநேகிதிட அப்பா, கதிரை தூக்க எண்டு மேல வந்தவர், கடைசிப் படம் முடியுமட்டும் இறங்கிப் போகல்ல.

நீங்களே ஒண்டு வைக்கோணும் எண்டு ஆசை இரிந்தா, பெருசா யோசிக்காம பிடிச்ச ஒரு குறும்படத்துட கடைசில ஓடுற பேரைப் பாத்து டைரக்டரைத் தேடி ஒரு மெயில் போடுங்க: எந்த ஊர், எத்தினை பேர், டிக்கட் இரிக்கா இல்லையா, சப்டைட்டில் நாங்க தமிழ்ல போடலாமா. சின்னப் படக்காரர் பலபேர் காசு கேக்கிறல்ல, எத்தினை பேர் பாத்தாங்க எண்டு எழுதச் சொல்லித்தான் கேப்பாங்க. ஃபைலை முதல் நாளே அதே புரொஜெக்டர்ல போட்டுப் பாருங்க, தமிழ் எழுத்து உடைஞ்சு கட்டம் கட்டமா வரும், ஃபொண்டை மாத்தினாச் சரியாயிடும்.